கேசட்டில் இருப்பது கணினிக்கு ஒழுங்காக வராதபோது

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பீரோவின் மேல்தட்டைத் துழாவினால் இரண்டு மூன்று வீடியோ கேசட்டாவது கிடைக்காத வீடு குறைவு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு என்று விசேஷத்தின் பெயரும் தேதியும் அதன் முதுகில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். 1990களில் எடுத்தவை பெரும்பாலும் வி.எச்.எஸ். எனப்படும் பெரிய கேசட்டுகள், 2000க்குப் பிறகு எடுத்தவற்றில் உள்ளங்கையில் அடங்கும் சிறு டிஜிட்டல் கேசட்டுகளும் உண்டு. இவற்றை ஓட்டும் கருவிகளோ அருகிவருகின்றன. வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஆகவே, இருக்கும் கருவி ஓடும்போதே கேசட்டைக் கணினியில் ஏற்றி, வேண்டாத பகுதிகளை வெட்டி, பிள்ளைகளுக்கு ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடலாம் என்று பலரும் வீட்டிலேயே முயல்கிறார்கள். இந்த ஏற்றும் வேலைக்குக் கேப்சர் என்று பெயர். எடிட்டிங் கற்றுக்கொள்ள வருபவர் முதலில் இடறுவதும் இந்த இடத்தில்தான்.

படம் விட்டுவிட்டு வருகிறது, நிறமே இல்லை, ஒலி பின்தங்குகிறது, இருபதாவது நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது என்று புகார்கள் பலவாக இருந்தாலும், அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ‘சிஸ்டம் ஸ்லோ.’ உடனே ரேம் வாங்கிப் போடுகிறார்கள்; சிலர் கணினியையே மாற்றுகிறார்கள்; குறை அப்படியே இருக்கிறது. பழைய கேசட்டில் உள்ள தரத்து வீடியோவை ஏற்றுவதற்குக் கடந்த பத்து ஆண்டுகளில் விற்ற ஏறத்தாழ எந்தக் கணினியின் வேகமும் போதும் என்பது என் கருத்து. குறை பிறக்கும் இடம் பெரும்பாலும் கணினிக்கு வெளியே இருக்கிறது; உள்ளே இருந்தால், வேகத்தோடு தொடர்பில்லாத ஏதோ ஓர் அமைப்பில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டுமே தவிர, பணம் அதிகம் வேண்டியதில்லை.

கேசட்டிலிருந்து படம் புறப்பட்டு, ஓட்டும் கருவி, ஒயர், மின்னலைகளை எண்களாக மாற்றும் கேப்சர் கருவி, யூ.எஸ்.பி. துளை, மென்பொருள் ஆகியவற்றைக் கடந்து கடைசியில் ஹார்டு டிஸ்க்கில் சென்று அமர்கிறது. இத்தனை இடங்களில் எங்கே கோளாறு ஏற்பட்டாலும் திரையில் தெரிவது ‘படம் சரியாக வரவில்லை’ என்ற ஒன்றுதான். ஆகையால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது இந்த வேலையில் கட்டாயமாகிறது. ஒயரையும் மாற்றி, மென்பொருளையும் மாற்றி, யூ.எஸ்.பி. துளையையும் மாற்றிய பிறகு படம் சரியாக வந்தால், எது சரிசெய்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த கேசட்டில் அதே குறை வரும்போது தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஓடும் கேசட் காத்திருக்காது

ஒரு கோப்பை ஒரு டிஸ்க்கிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும்போது, நடுவில் கணினி வேறு வேலையில் கொஞ்சம் தடுமாறினாலும் நகல் பழுதாவதில்லை. சற்றுத் தாமதமாக முடியும், அவ்வளவுதான். கேப்சர் அப்படிப்பட்டதன்று. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு குடம் நிறைந்ததும் அடுத்த குடத்தை உடனே வைக்காவிட்டால் தண்ணீர் தரையில் போவதைப் போல, கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி அரை நொடி வேறு பக்கம் திரும்பினாலும் அந்த அரை நொடிப் படம் போனதுதான். இப்படித் தவறிப்போகும் ஒவ்வொரு படத்தையும் ‘டிராப் பிரேம்’ என்று மென்பொருள்கள் கணக்கிட்டுக் காட்டுகின்றன.

இந்தியாவில் பயன்பாட்டில் இருந்த பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றையும் 720க்கு 576 என்ற அளவில், எந்தச் சுருக்கமும் இல்லாமல் எடுத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 20.7 எம்.பி. வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜி.பி. தரத்தைச் சிறிதும் இழக்காமல் சுருக்கும் ஹஃப்ஒய்.யூ.வி. போன்ற கோடெக்கை, அதாவது சுருக்கு முறையைப் பயன்படுத்தினால் இது ஏறத்தாழ பாதியாகிறது. டிஜிட்டல் கேசட்டில் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டே பதிவாகியிருப்பதால், நொடிக்கு ஏறத்தாழ 3.6 எம்.பி., மணிக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. மட்டுமே. சாதாரண ஹார்டு டிஸ்க்கே தொடர்ந்து நொடிக்கு 80 முதல் 100 எம்.பி. வரை எழுதக்கூடியது. ஆகவே சராசரி வேகம் இங்கே ஒரு பிரச்சினையே இல்லை. நடுவில் ஒரு கணம் எழுதாமல் நின்றுவிடுவதே பிரச்சினை. வைரஸ் தடுப்பு மென்பொருள் புதிதாக உருவாகும் கோப்பைச் சோதிக்கத் தொடங்கும்போதும், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும், மின்சாரச் சிக்கனத்துக்காக யூ.எஸ்.பி. துளை உறங்கப் போகும்போதும் அந்த ஒரு கணம் வந்துவிடுகிறது.

ஆகையால் கேப்சர் செய்யும் நேரத்தில் இணையத்தைத் துண்டித்துவிட வேண்டும். ஏற்றும் கோப்புறையை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பவர் அமைப்பில் உறக்கத்தையும், யூ.எஸ்.பி. துளைகளைத் தற்காலிகமாக அணைக்கும் வசதியையும் நிறுத்திவைக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் எழுதாமல் வேறொரு டிஸ்க்கில் எழுதுவது நல்லது. கேப்சர் கருவியையும் வெளி ஹார்டு டிஸ்க்கையும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் சொருகினால் இரண்டும் ஒரே பாதைக்குப் போட்டியிடும். கேப்சர் கருவியைக் கணினியின் பின்புறத்துத் துளையில் நேராகச் சொருகுவதே முறை. பென் டிரைவில் நேரடியாக ஏற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். தொடக்கத்தில் வேகமாக எழுதும் பென் டிரைவ்கள் பல, சிறிது நேரத்தில் தவழத் தொடங்கிவிடும்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. கேப்சர் செய்யும்போது திரையில் தெரியும் முன்னோட்டம் திக்கினால், பதிவான கோப்பும் திக்குகிறது என்று பொருளில்லை. மென்பொருள் பதிவுக்கு முதலிடம் கொடுத்து, முன்னோட்டத்தை இரண்டாமிடத்தில் வைத்திருக்கும். டிராப் பிரேம் எண்ணிக்கை பூஜ்யத்தில் இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

குறை கேசட்டிலா, கணினியிலா?

டிஜிட்டல் கேசட் கேமரா இருந்தால் இதைத் தீர்மானிப்பது மிக எளிது. கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, கேமராவைப் படமெடுக்கும் நிலையில் வைத்து, அதன் லென்ஸில் தெரியும் காட்சியையே பத்து நிமிடம் கேப்சர் செய்ய வேண்டும். ஓடும் மின்விசிறியை நோக்கி வைத்தாலும் போதும். அப்போதும் படங்கள் தவறினால் குறை கணினிப் பக்கம். தவறாமல் வந்தால் கேசட்டிலோ, அதைப் படிக்கும் ஹெட்டிலோ குறை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பது வீண்செலவு என்றே சொல்வேன்.

டிஜிட்டல் கேசட்டில் படம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தால், ஹெட்டில் அழுக்குப் படிந்திருக்கும் வாய்ப்பே அதிகம். அதற்கென்று விற்கும் துப்புரவுக் கேசட்டைச் சில நொடிகள் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையே நிமிடக்கணக்கில் ஓட்டினால் ஹெட் தேய்ந்துவிடும். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுக்க உதவும் எல்.பி. முறையில் பதிவான கேசட்டுகள், எடுத்த கேமராவைத் தவிர மற்றவற்றில் ஒழுங்காக ஓடாமல் போவது சாதாரணம். அந்தக் கேமரா உறவினர் எவர் வீட்டிலாவது கிடக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

வி.எச்.எஸ். கேசட்டின் கதை வேறு. ‘டி.வி.யில் நன்றாகத்தான் தெரிகிறது, கணினியில்தான் ஆடுகிறது, ஆகவே கணினிதான் சரியில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் மிகப் பலர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இந்த முடிவு தவறானது. பால் முறையில் படத்தின் ஒவ்வொரு வரியும் சரியாக 64 மைக்ரோ நொடி நீளம் இருக்க வேண்டும். வி.சி.ஆரின் ஹெட் உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதன் வேகத்தில் நேரும் சிறு ஏற்ற இறக்கமும், ஆண்டுக்கணக்கில் கிடந்த நாடாவின் நெகிழ்வும் சேர்ந்து, ஒரு வரியைச் சற்று நீளமாகவும் அடுத்ததைச் சற்றுக் குறுகலாகவும் ஆக்கிவிடுகின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சி இந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துத் தானும் ஆடும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகையால் கண்ணுக்குப் படம் நிலையாகத் தெரிந்தது. கேப்சர் கருவியோ ஒவ்வொரு வரியும் உரிய நேரத்தில் வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறது. வராதபோது படத்தின் மேற்பகுதி ஒரு பக்கம் வளைகிறது, செங்குத்துக் கோடுகள் நடுங்குகின்றன, மிகவும் மோசமானால் அந்தப் படத்தையே கருவி தள்ளிவிடுகிறது.

இதற்குரிய மருந்து டைம் பேஸ் கரெக்டர் என்னும் கருவி. வருகிற வரிகளைச் சிறிது நேரம் நினைவகத்தில் பிடித்து வைத்து, சரியான இடைவெளியில் வெளியே விடுவது அதன் வேலை. தனிக் கருவியாக வாங்கினால் விலை அதிகம். ஆனால் சில டிவிடி ரெக்கார்டர்களும், வெளியிலிருந்து வரும் படத்தை உள்ளே வாங்கி டிஜிட்டலாக வெளியே விடும் சில கேம்கார்டர்களும் இந்த வேலையை ஓரளவு செய்துவிடும். வி.சி.ஆரின் ஒயரை அதில் சொருகி, அதன் வெளியீட்டைக் கேப்சர் கருவிக்கோ, கேம்கார்டரானால் நேரே கணினிக்கோ கொடுத்தால் ஆட்டம் அடங்கும். வீட்டில் மூலையில் கிடக்கும் டிவிடி ரெக்கார்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை இப்படி இணைத்துப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் செலவில்லாத இரண்டு காரியங்கள் உண்டு. நெடுங்காலம் ஓடாத கேசட்டை முதலில் கடைசிவரை வேகமாக ஓட்டி, மறுபடியும் தொடக்கத்துக்குச் சுற்ற வேண்டும். நாடாவின் இறுக்கம் ஒரே சீராகும். பிறகு வி.சி.ஆரின் டிராக்கிங் பொத்தானை மெல்லத் திருப்பி, படத்தில் ஓடும் வெள்ளைப் பட்டை மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். இவற்றுக்குப் பிறகும் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்தாற்போலத் தெரிந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வி.சி.ஆர். ஒரு ஹெட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது, எல்லா வி.எச்.எஸ். கேசட்டிலும் இருக்கிறது. அன்றைய தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்ததால் நாம் பார்த்ததில்லை. எடிட்டிங்கில் அந்த வரிகளின்மேல் ஒரு கறுப்புப் பட்டையை வைத்தால் முடிந்தது.

நிறம் வராதபோது

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், முதலில் மென்பொருளில் பால் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கேப்சர் கருவிகளின் மென்பொருள் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யிலேயே திறக்கிறது. அந்த முறையில் நொடிக்கு 29.97 படங்கள், 480 வரிகள். நிறத்தைப் பதியும் விதமும் வேறு. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கேசட் என்றால் அது என்.டி.எஸ்.சி.யாகவே இருக்கும், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை கேசட்டுகள் நம்முடையதைப் போலவே பால்.

முறை சரியாக இருந்தும் நிறம் இல்லையென்றால் உள்ளீட்டைப் பார்க்க வேண்டும். மஞ்சள் பின் வழியாகப் படம் வந்துகொண்டிருக்கும்போது மென்பொருளில் எஸ்-வீடியோ என்ற வேறு வகை இணைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் நிறம் வராது, சில கருவிகளில் படமே வராது. வெள்ளைப் பின் மட்டும் உள்ள பழைய வி.சி.ஆரில் ஒலி ஒரு காதில் மட்டும் கேட்பது குறையே ஆகாது. எடிட்டிங்கில் அதை இரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

கருவியைக் கணினி அறிந்துகொள்ளவே இல்லையென்றால், இரண்டையும் பேசவைக்கும் டிரைவர் என்னும் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளிலும் இணையத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. கேப்சர் கருவிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருக்கும் சிப் வெவ்வேறாக இருக்கும். ஒன்றுக்குரிய டிரைவர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் விவரத்தைத் திறந்தால் வி.ஐ.டி., பி.ஐ.டி. என்று தொடங்கும் எண்கள் இருக்கும். அந்த எண்களை வைத்துத் தேடினால் உரிய டிரைவர் எது என்று தெரிந்துவிடும். டிரைவர் சரியாக இருந்தும் திரை இருண்டே இருந்தால், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் தனியுரிமை அமைப்பில் கேமராவுக்கான அனுமதி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேப்சர் கருவியையும் விண்டோஸ் ஒரு கேமராவாகவே கருதுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒலி நழுவும்போது

என் அனுபவத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒலியைப் பற்றியதே. இது ஒரே குறையாகத் தோன்றினாலும் நான்கு வேறு வேறு குறைகள் இதற்குள் இருக்கின்றன. எது என்று அறிவதற்குக் கல்யாணக் கேசட்டைவிட வசதியான பொருள் கிடையாது. தொடக்கத்தில் தேங்காய் உடைப்பார்கள். நடுவில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டும். கடைசியில் யாராவது மைக்கைப் பிடித்து வாழ்த்துவார். ஏற்றிய கோப்பில் இந்த மூன்று இடங்களையும் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்து, தேங்காய் தரையில் படும் படத்துக்கும் அதன் ஓசைக்கும் இடைவெளி எவ்வளவு, நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையசைக்கும் பெரியவருக்கும் மேளம் உச்சத்தில் ஒலிக்கும் நொடிக்கும் இடைவெளி எவ்வளவு, வாழ்த்துபவரின் உதட்டுக்கும் சொல்லுக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று இடத்திலும் இடைவெளி ஒரே அளவாக, கால் நொடி என்றால் கால் நொடியாகவே இருந்தால் கேப்சரில் பெரிய பழுது எதுவுமில்லை. ஒலி கணினிக்குள் வந்து சேர்ந்த பாதை படத்தின் பாதையைவிடச் சற்று நீளம் அல்லது குறைவு, அவ்வளவே. எடிட்டிங்கில் ஒலித்தடத்தை முழுவதுமாகப் பிடித்து அந்த அளவுக்கு நகர்த்தினால் தீர்ந்தது.

தேங்காய் சரியாக இருந்து, மேளம் கொஞ்சம் விலகி, வாழ்த்துரை இன்னும் அதிகமாக விலகியிருந்தால், அதுவும் நேரத்துக்கு ஏற்பச் சீராக வளர்ந்திருந்தால், இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். படத்தைக் கேப்சர் கருவியும், ஒலியைக் கணினியின் சவுண்ட் கார்டும் தனித்தனியே பதியும்போது, ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. இவற்றில் ஒன்று 0.05 சதவீதம் பிசகினாலே ஒரு மணி நேரத்தில் 1.8 நொடி விலகிவிடும். படத்தோடு ஒலியையும் அதே கருவியின் வழியாக ஏற்றினால் பெரும்பாலும் இது நேராது. ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால், விலகிய அளவைக் கணக்கிட்டு ஒலித்தடத்தின் நீளத்தை அந்தச் சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். இவ்வளவு சிறிய மாற்றத்தைக் காது அறியாது.

ஒரு குறிப்பிட்ட இடம்வரை சரியாக இருந்து, அங்கிருந்து திடீரென்று ஒரு நொடி, இன்னோர் இடத்தில் மேலும் அரை நொடி என்று தாவித் தாவி விலகினால் படங்கள் தவறியிருக்கின்றன. 25 படங்கள் தவறிப்போய், அவற்றின் இடம் நிரப்பப்படாவிட்டால், படம் ஒரு நொடி முன்னே ஓடிவிடும்; தாலி கட்டி முடித்த பிறகு மேளம் கேட்கும். வர்ச்சுவல்டப் போன்ற சில மென்பொருள்கள் ஒலியோடு ஒத்துப்போவதற்காக முந்தைய படத்தையே மறுபடி செருகி இடத்தை நிரப்பும். அவ்வாறு செருகிய எண்ணிக்கையும் திரையில் தனியே தெரியும். கேசட்டின் நடுவில் பதிவில்லாத வெற்றிடம் வருகிறபோதும் இதே தாவல் நேர்கிறது, ஏனெனில் அங்கே எண்ணுவதற்குப் படமே இல்லாமல் கருவி திணறுகிறது. மண்டபத்துக் காட்சி முடிந்து மறுவீட்டுக் காட்சி தொடங்கும் இடங்களில் இத்தகைய வெற்றிடங்கள் அதிகம். அங்கே நிறுத்தி, வெற்றிடம் கடந்ததும் புதிய கோப்பாகத் தொடங்க வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே கோப்பாக ஏற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையற்றது.

நான்காவது குறை காதுக்கே தெரிந்துவிடும். நாதஸ்வரம் வழக்கத்தைவிடச் சுருதி ஏறி ஒலித்தால், நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவான ஒலியை 48,000 என்று எண்ணி மென்பொருள் ஓட்டுகிறது. வேகம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடுகிறது. வீடியோவுக்கு 48,000 என்பதே வழக்கம். விண்டோஸின் ஒலிப்பதிவு அமைப்பிலும், கேப்சர் மென்பொருளிலும், எடிட்டிங் புராஜெக்டிலும் அந்த ஒரே எண் இருக்க வேண்டும். டிஜிட்டல் கேமராக்களில் 12 பிட் ஒலி என்ற தேர்வில் எடுத்த கேசட்டுகளில் மட்டும் இது 32,000 ஆக இருக்கும்.

இருபதாவது நிமிடத்தில் நிற்பது

ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கேப்சர் நின்றுபோனால் அது தற்செயலாக இருக்காது. எஃப்.ஏ.டி. 32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. டிஜிட்டல் கேசட்டின் அளவில் 4 ஜி.பி. என்பது ஏறத்தாழ இருபது நிமிடம். டிஸ்க்கில் 500 ஜி.பி. காலியாக இருந்தாலும் இதே கதைதான். உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இனி வராது.

டிஜிட்டல் கேசட்டை ஏற்றுவதற்கு உரிய வழி ஃபயர்வயர் எனப்படும் இணைப்பு. சோனி கேமராக்களில் ஐ-லிங்க் என்று எழுதியிருக்கும். கேமராவில் யூ.எஸ்.பி. துளையும் இருக்கிறதே, அதில் ஏற்றலாமே என்று தோன்றும். பெரும்பாலான கேமராக்களில் அந்தத் துளை புகைப்படங்களை எடுப்பதற்கும், தரம் குறைந்த வெப்கேம் படத்துக்கும் மட்டும் கொடுக்கப்பட்டது. ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூ.எஸ்.பி.யும் உள்ள ஒயர்களும் விற்கின்றன. அவற்றை வாங்கவே கூடாது. இரண்டும் பேசிக்கொள்ளும் முறையே வேறு என்பதால், வெறும் ஒயர் அவற்றை இணைக்காது. மேசைக் கணினியாக இருந்தால் ஃபயர்வயர் கார்டு ஒன்றை உள்ளே பொருத்தலாம். விண்டோஸ் 10இல் கேமரா தெரியாவிட்டால், ‘லெகசி’ என்று குறிப்பிடப்படும் பழைய டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பல வேளைகளில் தெரியத் தொடங்கும். ஒயரைச் சொருகும்போது கேமராவை அணைத்துவைப்பது நல்லது. தலைகீழாக அழுத்திச் சொருகினால் துளை எரிந்துபோவதுண்டு.

குறையாகத் தோன்றி, குறையில்லாதது

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை யாரோ எடுத்த கேசட்டை ஏற்றிப் பார்க்கும்போது, ஓடும் காளையின் கொம்பிலும் முதுகிலும் மட்டும் மெல்லிய கிடைக்கோடுகள் பல்பல்லாகத் தெரியும். நின்றுகொண்டிருக்கும் வாடிவாசல் கம்பங்களில் தெரியாது. கேப்சர் கெட்டுவிட்டது என்று எண்ணி மறுபடி மறுபடி ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். பால் முறையில் ஒரு முழுப் படம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரு பாதிகளாக, நொடியில் 50இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் காளை நகர்ந்துவிட்டது; கணினித் திரை இரு பாதிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இதில் பழுதில்லை. கேப்சர் செய்யும்போது இதை நீக்க முயலாமல் அப்படியே ஏற்றிவைத்துக்கொண்டு, கடைசியில் வெளியிடும் பிரதியில் மட்டும் டி-இன்டர்லேஸ், அதாவது பாதிகளை முழுப் படங்களாக்கும் வேலையைச் செய்ய வேண்டும். நொடிக்கு 50 முழுப் படங்களாக மாற்றினால் ஓட்டம் மிக இயல்பாக இருக்கும்.

காளை ஓடும்போது முன்னும் பின்னுமாக உதறினால் மட்டும் அது பழுது. இரு பாதிகளின் வரிசை மாறியிருக்கிறது என்று அறியலாம். டிஜிட்டல் கேசட்டில் கீழ்ப்பாதி எனப்படும் இரட்டைப்படை வரிகள் முதலில் வரும், வி.எச்.எஸ். கேசட்டை ஏற்றும் கருவிகளில் பெரும்பாலும் மேற்பாதி எனப்படும் ஒற்றைப்படை வரிகள் முதலில் வரும். எடிட்டிங் மென்பொருளில் அந்தக் கோப்பின் பண்பில் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

நம் ஊர்த் தொல்லைகள்

திடீர் மின்வெட்டுக்கு முன்னறிவிப்பு வராது. எம்.பி.4 கோப்பாகப் பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அதுவரை பதிந்தது முழுவதும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். அந்தக் கோப்பைத் திறப்பதற்கு வேண்டிய அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. எம்.கே.வி. கோப்பாகப் பதிந்தால், போன நொடிவரை உள்ளது தப்பிக்கும். ஓ.பி.எஸ். மென்பொருளில் எம்.கே.வி.யாகப் பதிந்து, பிறகு அதன் மெனுவிலேயே உள்ள ரீமக்ஸ் வசதியால் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வெயில் 40 டிகிரியை ஒட்டிச் செல்லும் கத்திரிக் காலத்தில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் ஒழுங்காக வந்து, அதன்பின் படங்கள் தவறத் தொடங்கினால் சூட்டைச் சந்தேகிக்கலாம். இது ஒன்றில் மட்டும் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்பது உண்மை. விடியற்காலையில் ஏற்றினால் போதும், ரேம் வேண்டாம். படத்தில் மங்கலான அகலப் பட்டை ஒன்று மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தால், வி.சி.ஆரும் கணினியும் வெவ்வேறு எர்த்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் சொருக வேண்டும், கேபிள் டி.வி. ஒயர் வி.சி.ஆரில் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கைப்பேசியில் எடுத்த வீடியோவிலும் ஒலி நழுவுவதாகச் சிலர் சொல்கிறார்கள். கைப்பேசி வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதே அதற்குக் காரணம். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாறாத எண்ணிக்கைக்கு மாற்றிய பிறகு எடிட்டிங்கில் சேர்த்தால் ஒலி நழுவாது. செட்டாப் பாக்ஸை எச்.டி.எம்.ஐ. வழியாக ஏற்ற முயலும்போது திரை கறுப்பாக இருப்பது அதிலுள்ள நகல் தடுப்பு. அதற்குக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்க்கும்போது நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அது பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது. ஹெட்டைக் கெடுப்பதோடு, அடுத்து ஓட்டும் நல்ல கேசட்டுக்கும் அது பரவும். இத்தகைய கேசட்டையும், நாடா அறுந்ததையும் தொழில்முறையில் செய்யும் கடையில் கொடுப்பதே சரி. கொடுக்கும்போது டிவிடியாகப் போட்டுத் தரச் சொல்லாமல், குறைவாகச் சுருக்கிய ஏ.வி.ஐ. கோப்பாகவே வேண்டும் என்று கேட்க வேண்டும். டிவிடியில் படம் மிகவும் சுருங்கி, எடிட்டிங்குக்கு ஏற்றதாக இருக்காது. அந்தக் கோப்பை வாங்குவதற்கு எடுத்துச் செல்லும் ஹார்டு டிஸ்க்கை வீட்டிலேயே என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்துகொண்டு போக வேண்டும்.